முன் இருக்கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

புது ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். உறையின் பின்பக்கம் முகவரி எழுதியிருக்கிறேன். பழைய இடத்துக்கு அனுப்பிவிடாதே. மிஷன் தலைவர் எங்களை அவ்வப்போது இப்படி ஊர் மாற்றுவார். பெட்டியில் இருப்பதை எடுத்து அடுக்கி முடிக்கும் நேரத்தில் மறுபடி கட்டச் சொல்வார்.

இங்கே ஒரு தையல் கடைக்கு மேலே அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, திறந்தால் மூடாத ஒரு ஜன்னல். கீழே மெஷின் ஓடினால் எங்கள் தரை அதிரும். காலையில் வேதம் படிக்க உட்கார்ந்தால் எழுத்தெல்லாம் நடுங்குகிறது.

வந்த வாரமே மானம் கப்பலேறியது. வெள்ளைச் சட்டைகளோடு ஒரு சிவப்புக் காலுறையும் சலவை மெஷினுக்குள் போய்விட்டது. இப்போது என்னைப் பார்த்தால் வீடு வீடாக வேதம் சொல்லப் போகும் மார்மன் சபை ஊழியக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரோஜா நிறச் சட்டை, கறுப்பு டை. ஐஸ்கிரீம் கடைச் சிப்பந்தி மாதிரி இருக்கிறேன். நெஞ்சில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையில் 'எல்டர்' என்று வேறு இருக்கிறது. மூத்தவர் என்று அர்த்தம். எனக்கு மீசையே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இந்த ஊர் மொழியில் செய்திக்கும் பூனைக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். முதல் கதவைத் தட்டி, "நாங்கள் உங்களுக்கு ஒரு நல்ல பூனை கொண்டு வந்திருக்கிறோம்" என்றேன். கதவைத் திறந்த அம்மாள் முகம் மலர்ந்து, "எங்க, காட்டுங்க" என்று என் பைக்குள் எட்டிப் பார்த்தார். என் துணை ஊழியன் சிரித்த சிரிப்பில் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம், நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் நெட்டை. எங்கள் விதிப்படி இரண்டு பேரும் எப்போதும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், குளியலறை ஒன்றைத் தவிர. என்னைவிட ஆறேழு மாதம் முன்னால் வந்தவன். தெருவில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் நின்று சரிசெய்துவிட்டுத்தான் வருவான். ஆனால் சாப்பிடுவதில்லை. ரொட்டியைக் கிள்ளிக் கிள்ளி வைத்துவிடுகிறான். ஊர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ.

அப்பா என் கடிதங்களைப் படிக்கிறாரா? பொய் சொல்லாமல் எழுது.

உன் தம்பி

*

மார்ச் 17

டேய் ஐஸ்கிரீம் கடைக்காரா,

உன் கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துப் படித்துத் தொலைத்தேன். பூனையைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பல் பிடுங்கக் காத்திருந்த ஒரு மனிதர், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து எழுந்து போய்விட்டார். டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

பொய் சொல்லாமல் எழுது என்கிறாய். சரி. அப்பா படிப்பதில்லை. கடிதம் வந்தால் வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைப்பார். நான் பிரித்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவார். அம்மா இருந்தபோது நம் இருவரையும் சபை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே வராமல் வெளியிலேயே நிற்பாரே, அதே கதைதான். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் உன்னை விசாரித்தார். "அடுத்தவன் வீட்டுக் கதவத் தட்டுறதுக்கா அவனைப் படிக்க வச்சேன்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பாவம் அந்த மனிதர், வாழைப்பழம் கொடுக்க வந்தவர்.

அம்மாவுக்குப் பிறகு நான் சபைக்குப் போவதை விட்டுவிட்டேன். அதற்கு உன் மேல் எனக்கு வருத்தமும் இல்லை, என் மேல் உனக்கும் இருக்கக்கூடாது. ஆனால் தூரத்தில் இருக்கிறாய் என்பதுதான் எனக்குக் கஷ்டம். வருஷத்துக்கு இரண்டு முறைதான் போன் என்று எந்தப் புண்ணியவான் விதி வைத்தாரோ.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பா ஓட்டும் பஸ்ஸின் பக்கக் கண்ணாடி ஒரு கம்பத்தில் உரசி உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று உனக்கே தெரியும். "கம்பத்தை நகர்த்தி நட்டுட்டானுங்க" என்கிறார். நான் போய்ப் பார்த்தேன். கம்பம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

உன் நெட்டையைச் சாப்பிட வை.

அக்கா

*

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

இதை இரண்டு முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். நெட்டை குளிக்கப் போயிருக்கிறான். அவன் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

அவனுக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. வேறு என்னவோ. காலையில் ஷூ போட்டுக்கொண்டு கட்டிலில் உட்காருவான். எழுந்திருக்க மாட்டான். "கிளம்பலாமா?" என்றால் "ம்" என்பான். மறுபடி அப்படியே இருப்பான். தெருவில் ஒரு வீட்டு வாசலுக்குப் போவோம். அழைப்பு மணிக்குக் கையைக் கொண்டுபோவான். அழுத்தாமலே திரும்பி, "யாரும் இல்ல போல" என்பான். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். குழாய் பார்த்தால் ஓடுகிறவன் இப்போது எதையும் தொடுவதில்லை.

செவ்வாய்க்கிழமை பெரிய சாலையைக் கடக்க நின்றோம். பச்சை விழவில்லை. அவன் பாட்டுக்கு இறங்கி நடந்தான். லாரி ஒன்று பிரேக் போட்டு அலறியது. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் நடைபாதையில் விழுந்தோம். முழங்கை தோல் போய்விட்டது. "பாக்கலையா?" என்று கத்தினேன். "பாத்தேன்" என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை நான் அன்றிலிருந்து மென்றுகொண்டே இருக்கிறேன்.

மிஷன் தலைவரிடம் சொல்கிறேன் என்றேன். அழுதுவிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுவதை நான் பார்த்ததே இல்லை. "சொல்லாத. வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எங்க ஊர்ல ஊரே கூடி வழியனுப்பி வச்சாங்க. பாதியில போய் எந்த முகத்தோட நிப்பேன்? எனக்குச் சரியாயிடும். சத்தியம் பண்ணு" என்றான். செய்துவிட்டேன்.

தலைவர் நல்லவர் அக்கா. அவர் திட்ட மாட்டார். ஆனாலும் சத்தியம் செய்திருக்கிறேனே. இருதலைக்கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம்; எறும்புக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. என்ன செய்ய?

குழாய்ச் சத்தம் நின்றுவிட்டது.

தம்பி

*

ஏப்ரல் 11

தம்பி,

சொல். இந்த வரியைப் படித்தவுடன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சொல். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

சத்தியமாம் சத்தியம். அவன் லாரிக்கு அடியில் போன பிறகு அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு அவன் அம்மாவிடம் என்ன சொல்வாய்? படித்ததிலிருந்து எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கிளினிக்கில் ஒருவருக்கு நேரத்தை மாற்றி எழுதிக்கொடுத்துவிட்டேன். நீயும் அவனோடு சாலையில் இறங்கியிருக்கிறாய் என்பதை நினைத்தாயா? பாசம் என்பது வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை. போ.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். முடியவில்லை. இங்கே எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

முழுக்க இல்லை. நடுவில் புகை மாதிரி இருக்கிறதாம், பக்கவாட்டில் ஒன்றுமே தெரியவில்லையாம். நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஒருநாள் நிறுத்தத்தில் நின்று கையை ஆட்டினேன். எனக்கு ஒரு முழத் தூரத்தில் பஸ்ஸை நிறுத்தினார், என் முகத்தைப் பார்த்தார், எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து, "ஏன், இன்னிக்கு ஆட்டோல போயிட்டியா?" என்று கேட்கிறார். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார். கம்பத்தின் கதையும் அதுதான்.

"கண் டெஸ்ட்ல எப்படிப்பா பாஸ் பண்ணீங்க?" என்றேன். "எனக்கு முன்னாடி நின்னவன் சத்தமா படிச்சான். எனக்குக் காது நல்லா கேக்கும்ல?" என்று சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதுதான் கேவலம். பிறகு கையைப் பிடித்துக்கொண்டார். "ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான். டிப்போவுக்குத் தெரிஞ்சா என்னை மூலையில உக்கார வச்சிருவாங்க. அவன்கிட்டயும் எழுதாத" என்றார்.

அதனால் இப்போது தினமும் காலையில் அவர் பஸ்ஸிலேயே வேலைக்குப் போகிறேன். அவருக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்த முன் இருக்கை. "அப்பா, சிவப்பு." "ம்." "இடது பக்கம் சைக்கிள்." "ம்." "கிழவி ஒருத்தி கடக்கிறாங்க, நில்லுங்க." பயணிகள் எல்லாம், அப்பாவும் மகளும் என்ன அன்னியோன்னியமாகப் பேசிக்கொண்டே வருகிறார்கள் என்று பார்க்கிறார்கள்.

கிளினிக் வாசலில் இறங்கிவிடுகிறேன். அதற்குப் பிறகு அந்த பஸ் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியாது. மேசையில் போன் அடித்தால் டிப்போவிலிருந்துதானோ என்று முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

யாரிடமும் சொல்லிவிடாதே.

அக்கா

*

ஏப்ரல் 22

அக்கா,

கடிதத்தை மடித்து வைக்கச் சொன்னாய். வைக்காமல் முழுவதும் படித்தேன். படித்திருக்க வேண்டாம்.

ஊருக்குத்தான் உபதேசமா? இதை என்னைப் பார்த்து ஊரே கேட்கிறது. நான் உன்னைப் பார்த்துக் கேட்கிறேன். நான் மறைப்பது ஒருவனை. நீ மறைப்பது ஒரு பஸ்ஸை. அந்தத் தடத்தில்தானே நாம் பள்ளிக்கூடம் போனோம்? இப்போது போகிற பிள்ளைகள் உன் பின்னால்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்? நீ இறங்கியதும் அவர்களுக்கு யார் சிவப்பு என்று சொல்வது?

'பாசம் என்பது வாயை மூடிக்கொண்டிருப்பது இல்லை' என்று அதே கையால்தான் எழுதினாயா?

நான் இன்னும் தலைவரிடம் சொல்லவில்லை. நீ டிப்போவில் சொல். சொல்லிவிட்டு எழுது. அன்றைக்கு நானும் சொல்கிறேன்.

தம்பி

*

ஏப்ரல் 25

அக்கா,

முந்தின கடிதம் தபாலில் போய்விட்டது. திரும்ப வாங்க வழியில்லை. அதை முதலில் படித்திருந்தால் மறந்துவிடு. அப்படி ஒரு பேரம் பேசியவனுக்கு என்ன நடந்தது என்று கேள்.

நேற்று எங்களுக்குத் துணி துவைக்கும் நாள். சலவைக் கடையில் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே மழை. நெட்டை கண்ணாடிக் கதவருகே நின்றான். "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்றான். "கதவுக்கு வெளியிலேயே நில்லு, எனக்குத் தெரியிற மாதிரி" என்றேன். தலையாட்டினான். நான் ஈரச் சட்டைகளை எடுத்து உலர்த்தும் மெஷினில் போடத் திரும்பினேன். நிமிர்ந்தபோது கதவுக்கு வெளியே மழை மட்டும்தான் இருந்தது.

முதலில் நடந்துதான் தேடினேன். பழக்கடை, தபால் நிலையம், எங்கள் அறை. பிறகு ஓடினேன். எனக்கு இந்த மொழி வந்த அழகு உனக்குத் தெரியும். எதிர்ப்பட்டவர்களிடம் எல்லாம் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்டி, "உயரம்! வெள்ளைச் சட்டை! டை!" என்று கத்தினேன். என்னையே பார்த்து ஒதுங்கிப் போனார்கள். பிரார்த்தனை செய்யலாம் என்று நின்றால் ஒரு வார்த்தையும் வரவில்லை. 'லாரி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாம்' என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

கடைசியில் பஸ் நிலையத்துக்குப் போனேன். விசாரணைக் கூண்டுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் கதையில் அவளுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் என் முகம் முழுவதும் புரிந்துவிட்டது போல. வயர்லெஸ் மைக்கை எடுத்து எல்லா ஓட்டுநர்களுக்கும் சொன்னாள். நான் அந்தக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரகரவென்று ஏதேதோ குரல்கள். இல்லை, இல்லை, இல்லை. பிறகு ஒருவர் ஏதோ சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினாள். ஒரு காகிதத்தில் பஸ் எண்ணை எழுதி நீட்டினாள்.

ஊர்க்கோடியில் கடைசி நிறுத்தம். காலி பஸ்ஸில் நெட்டை நடு இருக்கையில் உட்கார்ந்திருந்தான். மேலே ஓட்டுநருடைய கோட்டு. கையில் ஓட்டுநருடைய ஃபிளாஸ்க் மூடியில் ஏதோ சூடாக இருந்தது. ஓட்டுநர் குண்டான மனிதர், வழுக்கைத் தலை. அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: "பாலத்துல நின்னுட்டு இருந்தான். தூரத்துலயே பாத்துட்டேன். வேடிக்கை பாக்கிறவன் அப்படி நிக்க மாட்டான். அங்க ஸ்டாப் இல்ல. ஆனா நிறுத்திக் கதவத் திறந்தேன். ஏறுன்னேன். ஏறிட்டான்."

நெட்டை என்னைப் பார்க்கவில்லை. "நான் ஒண்ணும் பண்ணல. நின்னேன், அவ்வளவுதான்" என்றான்.

அங்கிருந்தே தலைவருக்குப் போன் செய்தேன். அவன் எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், லாரி உள்பட. அவன், "நீ சத்தியம் பண்ணியே" என்றான், மெதுவாக. நான் போனைக் கீழே வைக்கவில்லை.

தலைவரும் அவர் மனைவியும் காரில் வந்து அவனை ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இப்போது அறையில் என் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாமல் இருந்திருந்தால் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

தம்பி

*

மே 6

தம்பி,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. கோபக் கடிதத்தை முதலில் பிரித்தேன். உனக்கு என்ன பதில் எழுதலாம் என்று வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பிரித்தேன். அப்புறம் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல முன் இருக்கையில் உட்கார்ந்தேன். மார்க்கெட் திருப்பத்தில் ஒரு பெண், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சாலையில் இறங்கினாள். "அப்பா, நில்லுங்க!" அவர் நிறுத்தினார். நன்றாகவே நிறுத்தினார். ஆனால் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, "என்ன, நாயா?" என்றார்.

தள்ளுவண்டி எங்கள் முகப்புக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் நன்றி சொல்லிக் கையைத் தூக்கினாள். அப்பாவுக்கு அதுவும் தெரியவில்லை.

அன்று மாலை அவர் சட்டையைக் கழற்றும்போதே கேட்டேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்த?"

"காலையில அது நாய் இல்லப்பா. குழந்தை."

உட்கார்ந்துவிட்டார். பிறகு, "நீதான் பக்கத்துல இருந்தியே" என்றார்.

"நான் இல்லாதப்போ?"

"இத்தன வருஷம் ஓட்டின தடம். என் கைக்குத் தெரியும்."

"குழந்தை தடத்துல நட்டு வச்ச கம்பமாப்பா?"

எழுந்து உள்ளே போய்விட்டார். நான் தூங்கவில்லை. காலையில் அவருக்கு முன்னால் கிளம்பி டிப்போவுக்குப் போனேன். மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தது உண்மை. அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் எல்லாம், "என்னம்மா, அப்பாவுக்குச் சாப்பாடா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். மேலாளர் முழுவதும் கேட்டார். "வீட்லேர்ந்தே வந்து சொல்றவங்க கம்மி" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளவா?

அப்பா டியூட்டிக்கு வந்தபோது வேறொருவர் அவர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். கண் டாக்டரிடம் காட்டும் வரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு நடந்தே வந்தார். கதவைத் திறந்த என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. "என் பொண்ணே என்னை எறக்கி விட்டுட்டா."

இப்போதும் தினமும் காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறார். நான் வைத்த சாப்பாட்டைத் தொடுவதில்லை. நான் போன பிறகு அவராக ஏதோ செய்துகொள்கிறார். நேற்று அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார். மருந்து போடப் போனால் கையை இழுத்துக்கொண்டார்.

செய்தது சரிதான் என்று சொல், தம்பி. சும்மாவாவது சொல்.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

சரிதான். சும்மா சொல்லவில்லை. ஆனால் சரியாகச் செய்தவர்களுக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும் என்று நான் நினைத்திருந்தேன். அது பொய் போலிருக்கிறது.

நெட்டையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விமான நிலையத்தில் தலைவர் அவனைக் கட்டிக்கொண்டார். நான் கை நீட்டினேன். அவன் என் கையைப் பார்த்தான், பிறகு பெட்டியை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டான். என்னைவிட ஒரு தலை உயரம் என்பதால் கூட்டத்தில் வெகுதூரம் வரை தெரிந்துகொண்டே இருந்தான். திரும்பவில்லை.

புதுத் துணை ஊழியன் வந்திருக்கிறான். கலகலப்பானவன். காலையில் பாடிக்கொண்டே பல் தேய்ப்பான். அவன் குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் தாமதமானால் நான் கதவைத் தட்டிவிடுகிறேன். "என்னடா, இங்கேயுமா ஊழியம்?" என்று கேட்கிறான்.

என் கை இப்போது அழைப்பு மணியில் நின்றுவிடுகிறது, அக்கா. நேற்று ஒரு வாசலில் நின்று, "யாரும் இல்ல போல" என்றேன். என் வாயிலிருந்து அவன் வார்த்தை. பயந்துவிட்டேன். அன்றைக்கே தலைவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், இந்த முறை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை. டாக்டரிடம் அனுப்பினார். அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும் என்று டாக்டர் சொல்கிறார். தலைவர், "வீட்டுக்குப் போறதும் அவமானம் இல்ல, இருக்கிறதும் வீரம் இல்ல. உன் இஷ்டம்" என்றார்.

நான் வந்துவிடவா? நீ அங்கே தனியாக ஒரு பேசாத மனிதரோடு இருக்கிறாய். இரண்டு பேர் பேசாமல் இருந்தால் வீடு. மூன்று பேர் பேசாமல் இருந்தாலும் வீடுதானே. நீ வா என்றால் வந்துவிடுகிறேன்.

கண் டாக்டர் என்ன சொன்னார்? இப்போதாவது முழுவதும் எழுது.

தம்பி

*

ஜூன் 1

தம்பி,

முழுவதும் எழுதுகிறேன்.

டாக்டரிடம் வரவே மாட்டேன் என்றார். டிப்போ மேலாளர்தான் வீட்டுக்கு வந்து, கையெழுத்து வேண்டும், வாருங்கள் என்று ஏதோ சொல்லி அழைத்துப்போனார். இரண்டு கண்ணிலும் புரை. அதோடு கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. தின்றது தின்றதுதான், திரும்பாது. இடது கண் இனி உதவாது. வலது கண்ணில் புரையை எடுத்தால் நடுவில் இருக்கும் புகை விலகும். பக்கவாட்டுப் பார்வை வராது. இன்னும் ஆறு மாதம் தள்ளி வந்திருந்தால் நடுப் பார்வையும் போயிருக்கும் என்றார் டாக்டர். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி பஸ் ஓட்ட முடியாது. டிப்போவிலேயே உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது பார்க்கிறேன் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார்.

வருகிற பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு கண்தான் மிச்சம் என்றால் அந்த ஒரு கண்ணில் கை வைக்கிறார்களே.

நேற்று உன் கடிதம் வந்தது. வழக்கம்போல டிவி சத்தத்தைக் கூட்டுவார் என்று நான் சமையலறைக்குப் போனேன். சத்தம் நின்றது.

"அவன் என்ன எழுதியிருக்கான்?"

என்னிடம்தான். இத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் முதல் பேச்சு. கையில் உறையை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிரித்திருக்கிறார், தம்பி. பிரித்து, கண்ணருகில் வைத்துப் பார்த்து, முடியாமல்தான் கூப்பிட்டிருக்கிறார்.

படித்தேன். நெட்டை யார் என்றார். அதனால் உன் ஏப்ரல் கடிதத்தையும் எடுத்து வந்து படித்தேன். மழை, சலவைக் கடை, கூண்டுக்குள் இருந்த பெண். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாலம் வந்ததும், "நிறுத்து. அதைத் திரும்பப் படி" என்றார். திரும்பப் படித்தேன்.

"ஸ்டாப் இல்லாத எடத்துலயா நிறுத்தினான்?"

"ஆமாப்பா."

"மழையில. பாலத்து மேல. பின்னாடி வர்றவன் வந்து இடிச்சா என்ன ஆகும்? விதிப்படி தப்பு."

நான் கடிதத்தை மடித்தேன்.

அவர் உறையைத் தடவிக்கொண்டே, "தூரத்துலயே பாத்திருக்கான்" என்றார். அப்புறம், "நல்ல டிரைவர்" என்றார். சுட்டுக்கொண்ட கையை அவராகவே என் பக்கம் நீட்டினார். மருந்து போட்டேன்.

வந்துவிடவா என்று நீ கேட்டிருந்ததையும் மறுபடி படித்துக் காட்டி, "அவனை வரச் சொல்லவாப்பா?" என்றேன்.

"வேணாம்" என்றார் உடனே. "பாதி வழியில எறங்கினவன் இந்த வீட்ல ஒருத்தன் போதும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அவனுக்கு நெசமாவே முடியலன்னா வரட்டும். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். இனி உன் பாடு.

அக்கா

*

ஜூன் 13

அக்கா,

நேற்று ஆபரேஷன் முடிந்திருக்கும். எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் செய்துகொள்ளத் தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அதுவரை பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். இது வந்து சேரும்போதும் அப்பாவின் கண்ணில் கட்டு இருக்கலாம். இனி வரும் வரிகளை அவருக்குச் சத்தமாகப் படி.

அப்பா, நான் இப்போதைக்கு இருக்கிறேன். முடியவில்லை என்றால் நீங்கள் சொன்னபடி வருவேன், மறைக்க மாட்டேன். நெட்டை தூங்குகிறானாம், சாப்பிடுகிறானாம். அவன் அம்மா தலைவருக்கு எழுதியிருக்கிறார். எனக்கு அவன் எழுதவில்லை. எழுதுவான் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நேற்று நாலு வீட்டில் மணியை நானே அழுத்தினேன். மூன்று வீட்டில் திட்டு. நாலாவது வீட்டில் நாய்.

அந்த ஓட்டுநருடைய பஸ்ஸில் இன்று போனேன். அன்றைக்கு நெட்டையோடு போய்விட்ட கோட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான். எங்கள் ஊரிலும் ஒரு ஓட்டுநர் இருக்கிறார், உங்களை நல்ல டிரைவர் என்று சொன்னார் என்றேன். மொழியைச் சரியாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன், சிரித்தார். முன் இருக்கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

மழை பெய்துகொண்டிருந்தது. நெட்டை நின்ற அந்தப் பாலத்தின் ஏற்றத்துக்கு வெகு முன்னாலேயே கியரைக் குறைத்து வண்டியை மெதுவாக்கிவிட்டார். முன்னால் வண்டி எதுவும் இல்லை. சாலை காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதற்காக அப்படிச் செய்தார், அப்பா? நீங்கள் சொல்லச் சொல்ல அக்கா எழுதட்டும்.

உங்கள் மகன்